ஒரு நாள் பூ, நூறு நாள் செடி

2021-ல் வந்த 'ஸ்க்விட் கேம்' தொடரைப் பார்த்தவர்கள் அந்தப் பெரிய பொம்மையை மறந்திருக்க மாட்டார்கள். மரத்தின் பக்கம் திரும்பி நின்றுகொண்டு ஒரு வரி சொல்லும். அது சொல்லி முடிப்பதற்குள் ஓட வேண்டும். திரும்பிப் பார்க்கும்போது யாராவது அசைந்தால்... அவ்வளவுதான்!

ஆங்கிலத்தில் அந்த விளையாட்டை 'ரெட் லைட், கிரீன் லைட்' என்று மாற்றிவிட்டார்கள். ஆனால் பொம்மை கொரிய மொழியில் சொல்லும் வரிக்கு அர்த்தம் வேறு. முகுங்வா பூ பூத்துவிட்டது என்பதுதான் அது. கொரியக் குழந்தைகள் தெருவில் இந்த விளையாட்டை ஆடும்போது ஒன்று முதல் பத்து வரை எண்ணுவதற்குப் பதிலாக இந்த வரியைச் சொல்கிறார்கள். சரியாகப் பத்து அசை. (ஜப்பானிலும் இதே விளையாட்டு உண்டு. அங்கே சொல்வது 'தருமா விழுந்துவிட்டார்' என்று. அந்தத் தருமா வேறு யாருமில்லை, காஞ்சிபுரத்திலிருந்து போனதாகச் சொல்லப்படும் நம்ம போதிதர்மர்தான்! அது தனிக்கதை, இன்னொரு நாள் பார்ப்போம்.)

எனக்கு எழுந்த கேள்வி இதுதான். ஒரு நாட்டுக் குழந்தைகள் எண் சொல்வதற்குப் பதிலாக ஒரு பூவின் பெயரைச் சொல்கிறார்கள் என்றால், அந்தப் பூவுக்குப் பின்னால் ஏதோ இருக்க வேண்டுமே? தேடிப் படித்தபோது கிடைத்தது ஒரு தோட்டத்தின் கதை. ஒரு கிழவர் வளர்த்த கன்றுகளின் கதை.

அது என்ன பூ?

முகுங்வா என்றால் முடிவில்லாத மலர் என்று பொருள். பெயரைக் கேட்டு ஏதோ அபூர்வமான பூ என்று நினைக்க வேண்டாம். அது ஒரு வகைச் செம்பருத்திதான். தாவரவியல் பெயர் ஹைபிஸ்கஸ் சிரியாகஸ். நம் வீட்டு வாசலில் நிற்கும் சிவப்புச் செம்பருத்தி ஹைபிஸ்கஸ் ரோசா-சைனென்சிஸ். இரண்டுக்கும் 1753-ல் பெயர் வைத்தவர் ஒருவரே, ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ். பருத்தி, வெண்டை எல்லாம் இவற்றின் பங்காளிகள். வெண்டைப் பூவையும் முகுங்வாவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சாயல் தெரியும்.

லின்னேயஸ் ஒரு தவறு செய்தார். இந்தச் செடி சிரியாவிலிருந்து வந்தது என்று நினைத்து 'சிரியாகஸ்' என்று பெயர் வைத்துவிட்டார். உண்மையில் இதன் பூர்வீகம் சீனப் பக்கம். ஐரோப்பாவுக்கு மேற்கு ஆசியா வழியாக வந்ததால் வந்த குழப்பம். ஒரு முறை பெயர் வைத்தால் வைத்ததுதான், இன்றுவரை மாறவில்லை.

நம் செம்பருத்திக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் குளிர். நம் செம்பருத்தி உறைபனி விழுந்தால் கருகிவிடும். முகுங்வா இலையை முழுதும் உதிர்த்துவிட்டு வெறும் குச்சியாக நின்று, மைனஸ் 20 டிகிரிக்குக் கீழேயும் தாங்கும். வசந்தம் வந்ததும் மறுபடி துளிர்க்கும். அதனால்தான் குளிர் நாட்டுத் தோட்டக்காரர்கள் இதைக் 'குளிர் தாங்கும் செம்பருத்தி' வரிசையில் வைக்கிறார்கள். (அந்த வரிசையில் வட அமெரிக்கச் சதுப்பு நிலத்துச் செம்பருத்தியும் உண்டு. அது தரைக்கு மேலே முழுதும் காய்ந்துபோய், அடுத்த ஆண்டு வேரிலிருந்து முளைத்துச் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பூக்கும்.)

அரசர் சின்னத்தில் இல்லாத பூ

கொரியாவுக்கும் இந்தப் பூவுக்கும் உள்ள உறவு பழையது. கி.பி. 897-ல் சில்லா அரசின் சார்பில் சீனத்து டாங் பேரரசருக்கு அனுப்ப ஒரு கடிதம் எழுதப்பட்டது. எழுதியவர் சோ சிவொன் என்ற அறிஞர். அதில் தன் நாட்டை இந்தப் பூ பூக்கும் நாடு என்று குறிப்பிட்டிருக்கிறார். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலான சாட்சி!

ஆனாலும் அரண்மனை இதைத் தன் சின்னமாக எடுத்துக்கொள்ளவில்லை. 1897-ல் கொரியப் பேரரசு அறிவிக்கப்பட்டபோது அரச குடும்பத்தின் சின்னமாக இருந்தது இன்னொரு பூ, பிளம் மலர். முகுங்வா வேலியோரத்திலும் வீட்டு முற்றத்திலும் சாதாரணமாக நின்ற செடி. அதை மேலே கொண்டுவந்தது அந்தக் காலத்துப் பாட்டுகள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் நாட்டைப் பற்றி எழுதிய பாடல்களில் இந்தப் பூவின் பெயர் நுழைந்தது. இன்றைய தென் கொரியத் தேசிய கீதத்தின் பல்லவியிலும் அது இருக்கிறது. முதலில் அந்தப் பாட்டை ஸ்காட்லாந்து நாட்டுப்புற மெட்டு ஒன்றில்தான் பாடினார்கள் என்பது இன்னொரு வேடிக்கை.

1910-ல் ஜப்பான் கொரியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. கொடி போயிற்று. பிறகு மொழிக்கும் பெயர்களுக்கும்கூட ஆபத்து வந்தது. கொடியை மடித்துப் பெட்டிக்குள் ஒளித்து வைக்கலாம். செடியை என்ன செய்வது? அது வாசலில் நின்று தினமும் பூக்கிறதே!

பத்திரிகையாளர் தோட்டக்காரரான கதை

இங்கேதான் நாம்குங் ஓக் வருகிறார். 1863-ல் சியோலில் பிறந்தவர். ஆங்கிலம் படித்து மொழிபெயர்ப்பாளராக அரசு வேலை பார்த்தவர். 1898-ல் 'ஹ்வாங்சோங் சின்முன்' என்ற பத்திரிகையைத் தொடங்கி நடத்தினார். எழுதியதற்காகச் சிறைக்கும் போய் வந்தார்.

நாடு கைமாறிய பிறகு சியோலில் பேஹ்வா என்ற பெண்கள் பள்ளியில் ஆசிரியரானார். அங்கே ஒரு நல்ல யுக்தி செய்தார். மாணவிகளுக்குத் தையல் வகுப்பு உண்டல்லவா? கொரியாவின் வரைபடத்தை அவர்களைப் பூத்தையலில் போடச் சொன்னார். அப்போதிருந்த 13 மாகாணங்களுக்கு 13 முகுங்வா பூக்கள். பார்ப்பவர்களுக்கு அது ஒரு பூ வேலைப்பாடு. தைத்த பெண்ணுக்கு மட்டும் அது நாடு என்று தெரியும்.

1918-ல் உடல்நிலை சரியில்லாமல் தன் முன்னோர் ஊருக்குப் போனார். கங்வொன் மாகாணத்தில் ஹோங்சோன் பகுதியிலுள்ள மோகொக் கிராமம். வயது ஐம்பத்தைந்து. ஓய்வெடுக்கப் போன மனிதர் ஒரு தேவாலயமும் ஒரு பள்ளிக்கூடமும் கட்டினார். பள்ளிக்குப் பின்னால் நாற்றங்கால் போட்டு முகுங்வா வளர்க்க ஆரம்பித்தார்.

ஹோங்சோன் எப்படிப்பட்ட இடம் தெரியுமா? மலை சூழ்ந்த பகுதி. குளிர்காலத்தில் மைனஸ் 20-க்குக் கீழே போகும். கோடையிலோ எதிர்மாறு. 2018 ஆகஸ்ட் 1-ஆம் தேதி அங்கே பதிவான 41 டிகிரி, தென் கொரியாவில் அதுவரை பதிவானதிலேயே அதிக வெப்பம். இரண்டையும் தாங்கும் செடி இது. அவர் தேர்வு செய்த இடமும் செடியும் பொருந்திவிட்டன.

முகுங்வாவைப் பெருக்குவது சுலபம். வசந்த காலத் தொடக்கத்தில், மொட்டு வெடிப்பதற்கு முன்பு, போன வருடத்துக் கிளையிலிருந்து ஒரு சாண் குச்சி வெட்டி, முக்கால்வாசி மண்ணுக்குள் போகும்படி நட்டு, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் வேர் பிடித்துவிடும். விதையிலும் வரும். பள்ளிப் பிள்ளைகளே செய்யக்கூடிய வேலை. செலவு என்று பார்த்தால் உழைப்பும் தண்ணீரும்தான். காமர்ஸ் படிக்கிறவன் புத்தி எனக்கு, முதலில் இதைத்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதலீடு கிட்டத்தட்ட பூஜ்யம், ஒரு செடியிலிருந்து அடுத்த ஆண்டு இருபது செடி. இதைவிட நல்ல வட்டி எந்த வங்கியிலும் கிடையாது :)

அந்தக் கன்றுகளைப் பள்ளிகளுக்கும் தேவாலயங்களுக்கும் வீடுகளுக்கும் நாடு முழுதும் அனுப்பினார். அதிலும் ஒரு தந்திரம் சொல்வார்கள். பட்டுப்பூச்சி வளர்ப்பை ஜப்பானிய அரசே ஊக்குவித்த காலம் அது. அதனால் முசுக்கொட்டைக் கன்றுகளை யார் எங்கே அனுப்பினாலும் கேள்வி கிடையாது. முகுங்வாக் கன்றும் முசுக்கொட்டைக் கன்றும் பார்ப்பதற்குக் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும். இலை உதிர்ந்த காலத்தில் இரண்டுமே வெறும் குச்சி. அதோடு இதையும் சேர்த்துக் கட்டி அனுப்பிவிடுவாராம். நட்டவன் வீட்டில் பூ பூத்த பிறகுதான் ஊருக்கே தெரியும்.

எரிந்த நாற்றங்கால்

1933 நவம்பரில் எல்லாம் முடிவுக்கு வந்தது. கன்று வாங்க வந்தவர்போல மாறுவேடத்தில் ஒரு துப்பறியும் போலீஸ்காரர் அவர் வீட்டுக்கு வந்தார். பேச்சு பூக்களைப் பற்றிப் போனது. ஜப்பானின் செர்ரிப் பூ அழகுதான், ஆனால் சட்டென்று உதிர்ந்துவிடும், முகுங்வா நீண்ட காலம் பூத்துக்கொண்டே இருக்கும் என்று கிழவர் சொன்னாராம். தோட்டக்காரர் யாரும் சொல்லக்கூடிய சாதாரண உண்மை அது. ஆனால் 1933-ல் ஹோங்சோனில் அது தேசத் துரோகம்.

எழுபது வயதை நெருங்கியவரைக் கைது செய்தார்கள். பள்ளியிலிருந்த கன்றுகளைப் பிடுங்கி எரித்தார்கள். எழுபதாயிரம் கன்றுகள் என்று பெரும்பாலான கொரிய நூல்கள் சொல்கின்றன. ஒரு கிராமத்துப் பள்ளியின் பின்கட்டில் எழுபதாயிரம் செடி! ஒவ்வொன்றுக்கும் யாரோ ஒரு பிள்ளை தண்ணீர் ஊற்றியிருக்கும். அதை நினைத்தால்தான் மனசு கனக்கிறது.

1935-ல் நோயாளியாக வெளியே விட்டார்கள். சித்திரவதையின் பாதிப்பிலிருந்து அவர் மீளவில்லை. 1939 ஏப்ரல் 5-ஆம் தேதி காலமானார். எனக்குக் கல்லறை மேடு கட்டாதீர்கள், மரத்தடியில் புதையுங்கள், உரமாகவாவது போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனதாகச் சொல்கிறார்கள். விடுதலைக்குப் பிறகு தென் கொரியாவில் மரம் நடும் நாளாக வந்ததும் ஏப்ரல் 5. அது வேறு காரணங்களுக்காக வைத்த தேதி, தற்செயல்தான். ஆனாலும் பொருத்தம்.

அவதூறும் கிளம்பியது

எரித்தால் மட்டும் போதுமா? வதந்தியும் கிளம்பியது. முகுங்வாவை உற்றுப் பார்த்தால் கண் சிவந்துவிடும், தொட்டால் உடம்பில் கட்டி வரும் என்றெல்லாம் பிள்ளைகளைப் பயமுறுத்தினார்கள். 'கண்ணில் இரத்தம் வரவழைக்கும் பூ', 'சிரங்குப் பூ' என்று பட்டப்பெயர்கள் வேறு. 1938-ல் 'தோங்கா இல்போ' நாளிதழ் தன் பெயருக்குப் பின்னால் அச்சிட்டு வந்த முகுங்வாப் படத்தையும் எடுக்க வேண்டி வந்தது.

இதில் என்னை உறுத்தியது இன்னொன்று. 1945-ல் ஜப்பான் வெளியேறியது. 1948-ல் புதிய அரசு வந்தது. 1949-ல் நாட்டின் மிக உயர்ந்த விருதுக்கே முகுங்வா என்று பெயர் வைத்தார்கள். அரசுச் சின்னம், நாடாளுமன்ற உறுப்பினர் பேட்ஜ், ரயில் என்று எங்கும் அந்தப் பெயர். ஆனால் 1956-ல் கொரிய நாளிதழ்களிலேயே ஒரு விவாதம் எழுந்தது. முகுங்வா நாட்டுப் பூவாக இருக்கத் தகுதியானதுதானா? எதிர்த்தவர்கள் பூக்களைப் பற்றித் தெரிந்தவர்கள். அவர்கள் சொன்ன குறைகளில் சில: பூர்வீகம் கொரியா கிடையாது, பூச்சி பிடிக்கிறது, எல்லாச் செடியும் துளிர்த்த பிறகும் சோம்பேறி போல மொட்டையாக நிற்கிறது, பூ ஒரே நாளில் வாடிவிடுகிறது.

இவற்றை ஒரு தோட்டக்காரர் கண்ணால் பார்ப்போம். செடியை வளர்க்கத் தெரிந்தால் வழக்கு பாதி தீர்ந்துவிடும்.

குற்றம் 1: தாமதமாகத் துளிர்க்கிறது. உண்மை. ஏப்ரலில் செர்ரி பூத்துக் குலுங்கும்போது முகுங்வா செத்த குச்சிபோலத்தான் நிற்கும். புதிதாக வளர்ப்பவர்கள் பட்டுப்போய்விட்டது என்று பிடுங்கிப் போட்டுவிடுவதும் உண்டு. ஆனால் தாமதமாகத் துளிர்ப்பதால்தான் கடைசி உறைபனியில் அதன் தளிர் கருகுவதில்லை. சந்தேகம் வந்தால் நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டிப் பார்க்க வேண்டும். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது.

குற்றம் 2: பூச்சி பிடிக்கிறது. இதுவும் உண்மை. வசந்தத் தளிரில் அசுவினி மொய்க்கும். பருத்தியைத் தாக்கும் அதே அசுவினிக்கு, குளிர்காலம் முழுதும் முட்டையாகத் தங்க இந்தச் செடிதான் வீடு. ஆனால் செடியைக் கொல்லும் அளவுக்கு அது போவது அரிது. தண்ணீரைப் பீய்ச்சி அடித்தோ, சோப்புக் கரைசல் தெளித்தோ கட்டுப்படுத்தலாம். பொன்வண்டு மாதிரி சிறிய புள்ளி வண்டுகள் வந்தால் அவையே தின்று தீர்த்துவிடும். நெருக்கமாக, நிழலில், காற்றோட்டம் இல்லாமல் நட்டால் பூச்சி அதிகம். தவறு செடியிடம் இல்லை, நட்டவரிடம்.

குற்றம் 3: ஒரு நாள் பூ. விடியற்காலையில் விரிந்து மாலையில் சுருங்கும். அது சரி. ஆனால் மறுநாள் அடுத்த பூ தயார். ஜூலையில் தொடங்கினால் ஏறக்குறைய நூறு நாட்கள் இப்படியே போகும். நன்றாக வளர்ந்த ஒரு செடி ஒரு பருவத்தில் இரண்டாயிரம் மூவாயிரம் பூக்கள் வரை பூக்கும் என்று கணக்கு சொல்கிறார்கள். இன்னொரு விசேஷம், வாடும்போது இதழ் இதழாகச் சிதறாது. குடையை மடக்கியதுபோலச் சுருட்டிக்கொண்டு முழுதாக விழும்.

இந்த நூறு நாள் கணக்கும் கவாத்தைப் பொறுத்தது. முகுங்வா புதுக் கிளையில்தான் பூக்கும். குளிர்காலத்தின் முடிவில், துளிர்ப்பதற்கு முன் வெட்டிவிட வேண்டும். கோடையில் அழகு பார்க்கிறேன் என்று வெட்டினால் மொட்டோடு போய்விடும். வெயில் நாள் முழுதும் வேண்டும், வேரில் தண்ணீர் தேங்கக்கூடாது, உரம் வசந்தத்தில் ஒரு முறை போதும். இவ்வளவுதான் பராமரிப்பு.

குற்றம் 4: பூர்வீகம் வேறு. இதற்குத் தோட்டக்கலையில் பதில் கிடையாது. ஆயிரம் ஆண்டு ஒரு வீட்டு முற்றத்தில் நின்ற செடியை வந்தேறி என்று சொல்வதா, வீட்டுச் செடி என்று சொல்வதா என்பது அவரவர் மனசு. நம் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். சாம்பாரில் இருந்து யாராவது எடுத்துப் போடுகிறோமா?

உலகத்துத் தோட்டங்களில்

முகுங்வா கொரியாவோடு நின்றுவிடவில்லை. அமெரிக்கத் தோட்டங்களில் 'ஷாரோன் ரோஜா' என்ற பெயரில் வெகு காலமாக இருக்கிறது. அங்கே இதன் மேல் வேறொரு புகார். விதை விழுந்து தோட்டமெல்லாம் முளைத்துத் தொந்தரவு செய்கிறது என்று. வாஷிங்டனிலுள்ள அமெரிக்கத் தேசியத் தாவரப் பூங்காவில் வேலை பார்த்த டொனால்டு எகோல்ஃப் இதற்கு ஒரு வழி கண்டார். குரோமோசோம்களை இரட்டிக்கச் செய்த செடியைச் சாதாரணச் செடியோடு சேர்த்து மும்மடிய ரகங்களை உருவாக்கினார். நாம் சாப்பிடும் விதையில்லா வாழையும் மும்மடியம்தான். அதே தத்துவம். விதைக்குச் செலவாகும் சக்தி மிச்சமாவதால் பூ அதிகம், பெரிது. 1970-ல் 'டயானா' என்ற வெள்ளை ரகம் வந்தது. அதன் பூ இரவிலும் மூடாது. தொடர்ந்து 1980-களில் ஹெலீன், மினர்வா, அஃப்ரோடைட் என்று புராணப் பெண்கள் பெயரில் ரகங்கள் வந்தன.

கொரியர்களும் சும்மா இருக்கவில்லை. நிறைய ரகங்களை உருவாக்கி மூன்று பெரும் பிரிவாக வைத்திருக்கிறார்கள். தூய வெள்ளை ஒன்று, இதழ் ஓரத்தில் நிறம் தீட்டியது ஒன்று, நடுவில் சிவப்புப் பொட்டு வைத்தது ஒன்று. 2011-ல் காங்னுங்கிலுள்ள நூறு வயதைத் தாண்டிய ஒரு முகுங்வாவையும், பெங்னியோங் தீவிலுள்ள ஒன்றையும் இயற்கை நினைவுச்சின்னமாக அறிவித்தார்கள். காங்னுங் மரத்திலிருந்து முகுங்வாவின் மரபணு வரிசையையும் படித்து வெளியிட்டார்கள். ஆனால் தீவு மரம் புயல்களில் அடிபட்டுப் பட்டுப்போய், 2019-ல் பட்டியலிலிருந்தும் போய்விட்டது.

கடைசியாக ஒன்று

படித்ததில் என்னை மிகவும் ஆச்சரியப்படுத்திய தகவல் இது. முகுங்வாதான் நாட்டுப் பூ என்று சொல்லும் சட்டம் எதுவும் தென் கொரியாவில் கிடையாது! எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள், அதனால் அது நாட்டுப் பூ. ஆகஸ்ட் 8-ஐ முகுங்வா நாள் என்று 2007-ல் தொடங்கியதும் பொதுமக்கள்தான். 8-ஐப் படுக்க வைத்தால் முடிவிலிக் குறி வருமே, அதற்காக.

ஆனால் பெயர் எங்கும் இருக்கிறது, செடி அவ்வளவு இல்லை என்ற குறை கொரியாவிலேயே இருக்கிறது. வசந்தத்தில் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்ப்பது செர்ரிப் பூவைத்தான். முகுங்வா பள்ளி மூலையில், அரசு அலுவலகச் சுவரோரத்தில், கவாத்து இல்லாமல் அசுவினியோடு நிற்கிறது என்று அவர்களே வருத்தப்படுகிறார்கள். பாட்டில் வைப்பது சுலபம், பேட்ஜில் குத்துவது சுலபம். தினமும் தண்ணீர் ஊற்றுவதுதான் கஷ்டம்.

நாம்குங் ஓக்கும் பாட்டு எழுதியவர்தான், பத்திரிகை நடத்தியவர்தான். ஆனால் போலீஸ் வந்து எரித்தது அவர் நாற்றங்காலை. எது ஆபத்தானது என்று அவர்களுக்குச் சரியாகத் தெரிந்திருந்தது. பிறகும் என்ன ஆயிற்று? எரித்தது பள்ளியில் இருந்ததை மட்டும்தான். அதற்கு முன்பே முசுக்கொட்டைக் கட்டோடு ஊர் ஊராகப் போய்விட்ட கன்றுகள் ஒவ்வொரு ஜூலையிலும் பூத்துக்கொண்டுதான் இருந்திருக்கும்.

அடுத்த முறை அந்தப் பொம்மை திரும்பி நின்று தன் வரியைச் சொல்லும்போது கவனித்துக் கேளுங்கள். பூ பூத்துவிட்டது என்கிறது. ஒரு காலத்தில் அதைச் சத்தமாகச் சொல்லவே தைரியம் வேண்டியிருந்தது.